ஆட்டைத் தவிர

கூடங்குறிச்சி அரண்மனையில் இப்போது
மணி அடித்தால் ஆள் வரும்.
குதிரை லாயம் பஃபே ஹால்.
கிஸ்தி கட்டாதவனைக் குனியவைத்துக்
கல்லேற்றிய முற்றத்தில்
கை கழுவ வரிசையாகக் குழாய்.
அந்தப்புரம் ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம்,
ஜி.எஸ்.டி. தனி.

பெண் எடின்பரோவில் படித்தவள்.
ரிசப்ஷன் கோட்டையில்தான் என்றாள்.
இதுவும் கோட்டைதானே என்றேன்.
போனைத் திருப்பிக் காட்டினாள்:
சாம்பல் கல், கூம்புக் கோபுரம், பனிமூட்டம்,
கீழே ஓர் ஆடு.
இந்த மாதிரி.
ஆட்டைத் தவிர எல்லாம் ஆகும் என்று சொல்லி
அட்வான்ஸ் வாங்கினேன்.

வண்ணார்பேட்டை குடோனில் பதினோரு நாள்.
இருபத்தாறு அடி உயரத்துக்குத் தெர்மாகோல் அறுத்தோம்.
கல் இடுக்குகளில் பாசி வேண்டுமே என்று
பச்சை தொட்டுத் தொட்டு வைத்தான் அந்தோணி மிக்கேல்.
முகப்பை மறைத்து நிறுத்தினோம்.
சாரத்துக்கு ஆணி அடித்தால்
சுண்ணாம்புச் சுவர்
வளைத்துத் திருப்பித் தந்தது.

கார்களுக்கு டோக்கன் கிழிக்கிற வெள்ளைத்துரை
பார்த்துக்கொண்டே நின்றார்.
பட்டம் போன வீட்டின் மூன்றாவது வாரிசு,
சம்பளம் பதினாலாயிரம், சீருடை ஓட்டலுடையது.
"பீரங்கி வந்தப்பகூட மறைக்கல வே இந்தச் சுவத்த.
நீரு அட்டைய வச்சு மறைச்சிட்டீரே."
கோபமா கேலியா, பிடிபடவில்லை.
அதற்குள் அடுத்த கார்.

ஆனி மாசம், மேகாத்து வீசுமே என்று
யாரும் சொல்லவில்லை.
எனக்கே தெரியும். நானும் சொல்லவில்லை.

ஆறேகாலுக்கு ஆரியங்காவுக் கணவாய் வாய் திறந்தது.
முதலில் கூம்பு.
அப்புறம் இடது கோபுரம், கொடியோடு,
பந்தலைத் தாண்டி, ஜெனரேட்டரைத் தாண்டி
நாற்றங்கால் வரப்பில் போய்
நட்டமாக நின்றது.
சாரல் வேறு.
மேய்ந்து திரும்பிய கிடை ஆடுகள்
நின்று மோந்து பார்த்தன.
ஒன்று தின்றே பார்த்தது.

பெண் சிரித்தாள் பாருங்கள்.
செருப்பைக் கையில் எடுத்து, பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகி
சேற்றில் இறங்கிவிட்டாள்.
மாப்பிள்ளை பின்னால்.
கேமராக்காரன் அவர்களுக்கும் பின்னால்.
ஆல்பத்தின் அட்டையில் அந்தப் படம்தானாம்.
பாக்கியில் இருபதாயிரம் பிடித்தார்கள்.
ஆட்டுக்கு நான் பில் போடவில்லை.

விடிந்தபோது படிக்கட்டு, முற்றம், குளத்தங்கரை
எங்கும் பொடிப்பொடியாய் வெள்ளை.
நெல்லைச் சீமையில் பனி பெய்த மாதிரி.

வெள்ளைத்துரை சீருடைச் சட்டையைக் கழற்றி
தூணில் மாட்டிவிட்டு
வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.
கொடும் அண்ணாச்சி, நான் பெருக்குகிறேன் என்று
துடைப்பத்துக்குக் கை நீட்டினேன்.
தரவில்லை.