தந்திக்கு இரண்டு சூக்ரே

‘விடியாத படகு’க்கு என்னிடம் பதினேழு பதிவுகள்.
பதினெட்டாவதும் இருந்தது.
தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தட்டு: குவாயாக்கில், ஐம்பத்திரண்டு, மார்ச்சு மழை.
கொக்கோக் கிடங்குக்கு மேல் ஓர் அறை,
சுவரில் ஆணியடித்த பழைய மெத்தைகள்.
எர்மெலிந்தா பலாடினெஸ்
செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடுகிறாள்,
அந்தப் பலகைத்தரை எதற்கும் கிரீச்சிடும்.
‘உன் படகு’ என்கிறாள்.
‘எந்தக் கரையில்’ என்பதற்கு முன்
ஒரு நிறுத்தம்.
கண் இமைக்கும் நேரந்தான்.
துறைமுகமே தடுக்கி விழுந்தது அதில்.

பொகோத்தாக்காரர்கள்
அந்த இடத்தில் எட்டு வயலின்களைக் குடிவைத்தார்கள்.
மெக்சிகோவில் ஒருவன் விம்மினான்,
மேடைக்கு மேடை அதே விம்மல்,
அளவெடுத்துத் தைத்தது போல.
ஹெல்சின்கிக்குப் போனபோது
படகு சறுக்குவண்டி ஆனது, ஆறு உறைந்தது,
காதலி பெயர்கூட மாறிப்போனது.
நிறுத்தம் மட்டும் அப்படியே இருந்தது.
அறுபத்தெட்டில் மின் ஆர்கன் குழு ஒன்று
ஆட்டத்துக்கு இடைஞ்சலென்று அதை வெட்டியது.
அந்தத் தட்டு விலைபோகவில்லை.
கீத்தோவில் ஒரு பேராசிரியர் எழுதினார்:
அது மலைகளின் தொன்மையான மௌனம்.
எங்கள் ஊரில் ஏறிப் பார்க்க
ஒரு நல்ல மேடுகூடக் கிடையாது, ஐயா.

லிசிமாக்கோ கிமீ என்ற பெயர்
எந்த உறையிலும் இல்லை.
எழுபத்தொன்பதில் தூண்வரிசை நிழலில்
லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்.
கேட்டேன்.

‘மூணாவது தந்தி அறுந்துபோச்சு.
அவ என்னைப் பார்த்தா.
நான் ரெண்டாவதுல தடவித் தடவி வந்து சேர்ந்தேன்.
திரும்பப் பதிய வெற்றுத் தட்டு இல்லை,
கப்பல் வரலை.
கூலி பதினஞ்சு சூக்ரே,
தந்திக்கு ரெண்டு பிடிச்சுக்கிட்டாங்க.’

இதற்குள் பேருந்து ஒன்று வந்து நின்றது.
உள்ளே ஓட்டுநரின் வானொலியில் அதே பாட்டு,
நான் கேட்டிராத யாரோ ஒரு பெண்.
‘உன் படகு’ என்றாள்.
அவர் சீட்டு எண்ணுவதை நிறுத்தவில்லை.
இடக்கை விரல்கள் மட்டும்
சீட்டுக்கட்டின் ஓரத்தில் ஒரு முறை
கீழிறங்கி,
எதையோ பிடித்தன.

பேருந்து போனபின் ஒரு சீட்டு வாங்கினேன்.
பரிசு விழவில்லை.
மீதிச் சில்லறையில் இரண்டு சூக்ரே
கூடுதலாக இருந்ததை வீட்டில்தான் பார்த்தேன்.
திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று
ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.