வெந்நீர் வசதி உண்டு

காட்பாடி சாலையில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய முகூர்த்தத்தின் தெர்மாகோல் பெயர்கள்
மேடைக்குப் பின்னால் சாய்ந்திருக்க
முன்னால் பதாகை: சமூக ஊடக மாநாடு.
கழுத்தில் நாடா மாட்டிவிட்டார்கள்.
என் அட்டையில் டில்லிபாபு, டெல்லி என்றிருந்தது.
திருத்தக் கேட்டேன். சாப்பாட்டுக்குள் தருகிறோம் என்றார்கள்.
அதற்குள் மூன்று பேர்
அங்கே குளிர் எப்படி என்று விசாரித்துவிட்டார்கள்.

பெங்களூரிலிருந்து வந்தவர் மைக்கில் சொன்னார்:
முன்பின் தெரியாதவரிடம் பேசுங்கள்.
ஆளுக்கு ஐந்து நிமிடம். விசில் ஊதினால் மாறுங்கள்.

விசில்.
ஆம்பூர் ஷூ கம்பெனியின் பக்கத்தைக் கவனிக்கும் நுஸ்ரத்
ஜெர்மனிக்காரர்களுக்குப் பிடித்த பழுப்பைப் பற்றிப் பேசினாள்.
'போட்டோல அது வேற பழுப்பாயிடுது' என்று
என் காலையே பார்த்துக்கொண்டு.
நான் ரப்பர் செருப்பில் வந்திருந்தேன்.

விசில்.
ஆற்காட்டுக்காரர் ஒருவர்
மக்கன் பேடா ஜீராவில் விழும் நொடியை
மெதுவாக்கிப் போட்டாராம், பதினொரு லட்சம் பேர் பார்த்தார்களாம்.
கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்றேன்.
அவர் விசிலுக்குக் காத்திருந்தார்.

என் முறை வந்தால் ஒரே பாட்டுத்தான்:
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து, லாட்ஜ், பன்னிரண்டு அறை.
வங்காளத்தில் பதிவு போடுகிறேன். வங்காளம் தெரியாது.
ஃபோனிடம் தமிழில் சொல்வேன், அது மாற்றித் தரும், ஒட்டிவிடுவேன்.
ஒரே கொடியில் துணி காயப்போட்டதுபோல்
அந்த எழுத்துகள் தொங்குவது எனக்குப் பிடிக்கும்.

போண்டா வரிசையில்தான் அவர் நின்றிருந்தார்.
ஷர்பானி பால்.
கணவரின் கிட்னிக்காக ரயிலேறி வந்து
பதினோரு வருஷம். கணவர் இல்லை.
டோக்கன் எங்கே போடுவது, ரத்தம் யார் கொடுப்பார்கள்,
நல்ல மீன் எந்தக் கடை
என்று தன் ஊர்க்காரர்களுக்கு எழுதிக்கொண்டு
இங்கேயே இருந்துவிட்டவர்.
என் அட்டையைத் திருப்பி லாட்ஜ் பெயரைப் படித்து
'நீயா அது?' என்றார்,
ஆட்டோக்காரர்களிடம் கற்ற தமிழில்.

'ரெண்டு வருஷமா மேல ஒரு வரி போட்டுக்கினு கீறியே,
இன்னா அது?'
'இருபத்திநாலு மணி நேரமும் வெந்நீர்.'
'இல்லப்பா. இருபத்திநாலு மணி நேரமும் கண்ணீர்.
எத்தினி பக்கெட் வேணும்னாலும் இலவசம்.'

மொட்டைமாடியில், மோட்டார் இரைச்சலில் நின்று சொன்னேன்.
ஃபோனுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன்.
'மொதல்ல சிரிச்சோம். போட்டோ புடிச்சி அனுப்பிக்கினோம்.
அப்புறம் ஒருத்தங்க
அந்த லாட்ஜ்லதான் ரூம் ஓணும்னாங்க.
அப்புறம் யாரும் சிரிக்கல.'

போண்டா ஆறிக்கொண்டிருந்தது.
ஏழாம் நம்பர் அறை ஞாபகம் வந்தது.
மழைக்காலம். வரும்போது இரண்டு பேர்,
கணக்கு முடிக்கும்போது அந்த அம்மா மட்டும்.
பக்கெட் உலர்ந்தே கிடந்தது.
வசதியெல்லாம் சரியாக இருந்ததா என்று
வழக்கம்போல் சைகையில் கேட்டேன்.
அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.
வெந்நீருக்கா இவ்வளவு என்று நினைத்தேன்.

விசில்.
நாங்கள் மாறவில்லை.

மதியத்துக்கு மேல் புது அட்டை தந்தார்கள்: டில்லிபாபு, வேலூர்.
பெங்களூர்க்காரர் நம்பகத்தன்மை பற்றிப் படம் போட்டார்.
குறிப்பெடுக்கவில்லை.
ஷர்பானியின் எண்ணை மட்டும் சேமித்துக்கொண்டேன்,
'அக்கா மீன்' என்று.

இரவு கல்லாவில் உட்கார்ந்து
அந்த வரியைத் திருத்தத் திறந்தேன்.
விரல் மேலேயே நின்றது. மாடியில் மோட்டார் ஓடியது.
பெட்டிகளோடு ஒரு குடும்பம் படியேறி வந்தது,
எக்ஸ்ரே உறையைப் பையன் நெஞ்சோடு அணைத்திருந்தான்.
'கரம் ஜல்?' என்றார் அப்பா.
அந்த இரண்டு சொல் எனக்குத் தெரியும்.

அது காலை ஐந்திலிருந்து எட்டு வரைதான்
என்று விரல்களில் காட்டினேன்.