ஏன் என்று முடிவது

மூக்கு வழியே கமெராவை இறக்கிப் பார்த்த டொக்டர்
"வடிவான குரல்நாண்கள்" என்றார்.
முடிச்சில்லை. புண்ணில்லை. முடங்கவுமில்லை.
பிறகேன் இந்தக் கரகரப்பு என்று
நான் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை.
தாளில் எழுதித் தந்தார்:
தசை இறுக்கம், பயிற்சி பன்னிரண்டு தடவை.

அதற்கு முன் மூன்று மாதம்
பீல் நகரமே என்னோடு இரகசியம் பேசியது.
தபால் கந்தோரில் நான் கிசுகிசுக்க
அந்தப் பெண்ணும் குனிந்து கிசுகிசுத்தாள்,
ஒரு முத்திரையின் விலையை.
எனக்குக் காது கேட்காதென்று
கத்தியவர்களும் உண்டு.

ரெகுலா என் கழுத்தைத் தொட்டாள்.
கை குளிர், மன்னிக்கவும், என்றாள்.
தாடைக்குக் கீழே லாடம்போல் ஓர் எலும்பு;
வேறெந்த எலும்போடும் ஒட்டாமல்
தசைகளில் தொங்குகிறதாம்.
இடமும் வலமும் அசைத்துப் பார்த்தாள்.
மழைக்கு ஊதிய லாச்சிபோல்
அது வர மறுத்தது.

என்ன வேலை?
அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பு. பதினொரு வருஷம்.
அங்கே 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது,
'நான்' என்றே சொல்லவேண்டும்.
காலை ஒன்பதுக்கு நான் மீன்பிடிகாரன்.
பத்தேகாலுக்குக் கோப்பி.
பிறகும் மீன்பிடிகாரன்.
பின்னேரம் எனக்கு இருபத்திரண்டு வயது,
என்னை ஒரு வானில் ஏற்றுகிறார்கள்.
மிச்சம் சொல்ல அனுமதியில்லை.

தமிழில் வினை கடைசியில்தான் வரும்.
ஓடினாரா ஒளிந்தாரா என்று தெரியும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.
அது பழக்கமென்றும் தெரியாது,
பிடித்திருப்பது மூச்சென்றும் தெரியாது.

ஜெர்மனில் 'ஏன்' என்பது
எங்கள் காதில் 'வாரும்' என்றே விழும்.
அதிகாரி அதைக் கேட்கும்போது
புதிதாய் வந்த ஒருவர், மரியாதையாக,
கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனார்.

இரண்டாம் கிழமை
கால்வாய்ப் பாலத்தில் ஒரு சைக்கிள்காரன் இடிக்க வர
"கண் தெரியேல்லையாடா எருமை!"
முழுக்குரல்.
யார் கத்தினதென்று நானே திரும்பிப் பார்த்தேன்.
ரெகுலாவிடம் சொன்னபோது துள்ளினாள்.
எழுத்துக்கூட்டக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.
பத்துத் தடவை எருமை என்றேன்,
கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் குழாய் வைத்துக்
குமிழி ஊதியபடி.

ஒருநாள் பதிவு செய்தாள்.
தமிழில் ஏதாவது சொல், எனக்கு விளங்கத் தேவையில்லை.
எனக்கு வாயில் வந்தது
விசாரணை முடிவில் வாசித்துக் காட்டும் நடை.
பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் கையெழுத்து வைப்பதற்காக
நான் வாசிக்கும் நடை.
யாருடையதுமல்ல, அந்த நேரத்தில் கோத்தது:
கதவைத் திறந்தேன். விளக்கை அணைத்தேன்.
பின்பக்கத்தால் ஓடினேன். ஒருவரையும் கூப்பிடவில்லை.
கூப்பிட நினைத்தேன்.

திரையில் அலைகளைக் காட்டினாள்.
"இங்கே அறுகிறது, பார். இங்கேயும். இங்கேயும்.
நாலாவதில் மட்டும் இல்லை.
ஒரே ஒலியில்தான் மூச்சு முடிகிறது.
ஏன், ஏன் என்று. அது என்ன?"

நான் என்பதன் வால், என்றேன்.
தனியே நின்றால் அர்த்தமுண்டா?
உண்டு.
சொன்னேன்.
அவள் பேனையை மூடிவைத்தாள்.

உன்னுடையது ஒன்று சொல், என்றாள் பிறகு.
அந்த ஒலியில் முடிகிற, உன்னுடையது.
குவளையில் கடைசிக் குமிழி
ஓரமாய் ஒட்டிக்கொண்டிருந்தது.
வெளியே பஸ் ஒன்று வந்து,
கதவு திறந்து, மூடி, போனது.
அடுத்ததும் போனது.
பதினொரு வருஷத்து வினைகளைக் கிளறினேன்,
எல்லாவற்றிலும் வேறொருவர் கையெழுத்து.

"நேற்று முட்டை வாங்க மறந்தேன்."

கரகரப்புத்தான். ஆனாலும் அந்த ன்
அறுபடாமல் மூக்குக்குள் கொஞ்சநேரம்
குளிர்ப்பெட்டிபோல் இரைந்துகொண்டு நின்றது.

என்ன சொன்னாய், என்று கேட்டாள்.
நான் மொழிபெயர்க்கவில்லை.