அறுபதுக்கு மேல்

ஈசூன் பேருந்து நிலையம், இரவு பத்து நாற்பது.
அடுத்த சுற்றுக்குப் பதினெட்டு நிமிடம்.
கோப்பி ஓ ஆறட்டும்.
மியூனிக் விமான நிலையத்து வாடகைக் கார்கள்
கைப்பேசியில் ஒவ்வொன்றாக வந்து
மூக்கைக் காட்டிவிட்டுப் போகின்றன.

பன்னிரண்டு வருஷமாக நான்
அறுபதைத் தாண்டியதில்லை.
தாண்டவும் முடியாது.
எந்திரத்துக்குள் யாரோ கயிறு கட்டியிருக்கிறார்கள்.
மிதித்தால் மிதித்தபடி இருக்கலாம்,
இரட்டை மாடி கேட்காது.
தீவு விரைவுச்சாலையில் இடது ஓரமாக நான் ஊர,
சாப்பாட்டுப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் பையன்கள்
எனக்கு முன்னால் புள்ளியாகிக் காணாமல் போவார்கள்.

"அங்கே சில இடத்துல வேகத்துக்கு எல்லையே இல்லையாம்"
என்றதற்கு இளம்பரிதி கேட்டார்:
"அப்போ அபராதம் எதுக்குப் போடுவாங்க?"
ஓட்டத் தெரியாது அவருக்கு.
ஆனால் எந்தக் கார் என்று தெரியும்:
சிவப்பு, கூரை திறப்பது.
"மழை பெஞ்சா?"
"மூடிக்கலாம்."

அஸ்மான் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
ஆகச் சின்னதில் விரல் வைத்தான்.
பெட்ரோல் மிச்சம்.
கோக் லியோங் உதட்டைப் பிதுக்கினார்.
சீனப் புத்தாண்டுக்கு ஈப்போ போய்வருகிற மனிதர்,
லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால்
சின்ன வண்டி எப்படி உதறும் என்று
கோப்பி மூடியை மேசையில் ஊதிக் காட்டினார்.
மூடி கீழே விழுந்தது.

நான் தேடுவது வேறு.
முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு நீளம்,
டயரின் விலாவில் என்ன எழுத்து,
நூற்று முப்பதில் போகிறது நிற்க
எத்தனை மீட்டர் கேட்கும்.
படத்தில் இதெல்லாம் இல்லை.
படத்தில் ஒரு மலை,
சன்னலில் கையை நீட்டிச் சிரிக்கிற ஒரு பெண்.
சிரிக்கட்டும்.
கீறல் விழுந்தால் முதல் ஆயிரத்து இருநூறு யூரோ
தன் தலையில் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

கடைசியில், சாம்பல் நிறத்தில்
நீள முதுகோடு ஒன்று. டீசல்.
குழந்தைகளையும் நாயையும் ஏணியையும்
ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் வாங்குகிற வண்டி.
தானியங்கி கியருக்குத் தொண்ணூறு யூரோ கூடுதல்.
சரி.
ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்.
பயணிகள் ஏறிவந்து அட்டையைத் தட்டுகிற பக்கத்தில்
இனி பத்து நாள் நான்.

மியூனிக்கிலிருந்து லைப்சிக்
நானூற்று முப்பது கிலோமீட்டர்.
இந்தத் தீவை நீளவாக்கில்
எட்டு ஒன்பது முறை ஒட்டவைக்க வேண்டும்.
அவ்வளவு தூரத்திலும்
ஒருவர்கூட மணியை அழுத்தப்போவதில்லை.
இளம்பரிதியிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால், அழுத்தறேன் என்பார்,
அழுத்தவும் செய்வார், வாயாலேயே.

உறுதிசெய்யவா என்கிறது திரை.
செய்.
சிவப்பு இல்லை என்று வீட்டில் இரண்டு நாள் முகம் தூங்கும்.

கோப்பியை ஒரே மடக்கில் குடித்து எழுந்தேன்.
கதவை மூடப்போகும்போது ஒருத்தி ஓடிவருகிறாள்,
குதிகால் செருப்பு இரண்டும் கையில்.
காத்திருந்து ஏற்றிக்கொண்டேன்.

சாலை காலி.
ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பது, அறுபது.
வழக்கமான இடத்தில் வண்டி மறுக்கிறது.
எப்போதும் அங்கே காலைத் தளர்த்திவிடுவேன்.
இன்று
அடுத்த நிறுத்தத்தின் விளக்கு தெரிகிறவரை
மிதித்தே வைத்திருந்தேன்.