கால் அங்குலம்

முதல் நாள் தோண்டுவதில்லை.
பூமிக்கடியில் ஓடுவதைக் குறிக்கிறவர்கள்
வந்து போகட்டும் என்று காத்திருக்கிறோம்.
நீலம் தண்ணீர். மஞ்சள் எரிவாயு.
ஆரஞ்சு தொலைபேசிக் கம்பி.
யாரும் வராத திருவிழாபோல
சின்னச் சின்னக் கொடிகளோடு கிடக்கிறது
வெரெட் வீட்டுப் புல்வெளி.

ஹூமாவில் மண் என்று ஒன்றும் இல்லை,
கொஞ்சம் கெட்டியான தண்ணீர்தான்.
மூன்றடி துளைத்தால் இரண்டாவது அடியிலேயே
ஆறிய காப்பி நிறத்தில் ஊறி வருகிறது.
ரெமிஜியோ டப்பாவால் இறைக்கிறான்.
நான் சிமென்ட் மூட்டையைக் கிழிக்கிறேன்.
காலை ஏழு மணி.
பிழிந்த பிறகே சுவாசிக்க வேண்டிய காற்று.

இரவுப் பணி முடித்து வந்த க்ளோதில் வெரெட்
செவிலிச் சீருடையைக் கூட மாற்றாமல்
படியில் உட்கார்ந்து பார்க்கிறாள்.
பழைய மரவேலியைப் பற்றிச் சொல்கிறாள்:
"பாதியை ஈரம் தின்றது,
மீதியைப் புயல் கொண்டுபோனது.
எது முந்தியது என்று
காப்பீட்டுக்காரன் மூன்று மாதம் கேட்டான்."

இது மக்குமா?
மக்காது. கரையானும் தொடாது.
பாசி?
பிடிக்கும். வடக்குப் பக்கம் பச்சையாகும்,
ப்ளீச் கலந்து கழுவ வேண்டும்.
புயலில் நிற்குமா?

இதற்கு எங்கள் விளம்பர அட்டையில்
ஓர் எண் அச்சிட்டிருக்கிறது,
மணிக்கு இத்தனை மைல் என்று.
நான் அட்டையை எடுக்கவில்லை.
கால் நிற்கும், பலகை போகும், என்றேன்.
போகத்தான் வேண்டும்.
போகமாட்டேன் என்று அது அடம்பிடித்தால்
காலையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

"என் முதல் கணவனைப் போல"
என்றாள் க்ளோதில்.
ரெமிஜியோ டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

மூலைக்கும் வாசலுக்கும்
உள்ளே அலுமினியம் சொருகிய கால்கள்.
குறுக்குச் சட்டத்தின் இரு முனையிலும்
கால் அங்குலம் சும்மா விடவேண்டும்.
புதுப் பையன் அழகாக இருக்கட்டும் என்று
இறுக்கித் தட்டியிருந்தான்.
நாலு சட்டத்தையும் கழற்றச் சொன்னேன்.
முகம் சுருங்கியது.
மத்தியான வெயிலில் நீ கூடத்தான் நீள்வாய்,
எங்கே போவாய் என்றேன்.

மாலைக்குள் ஓர் ஓணான் வந்து
வெள்ளையில் ஒட்டிக்கொண்டது.
பச்சையாகிப் பார்த்தது, பழுப்பாகிப் பார்த்தது.
வெள்ளை அதற்கு வரவில்லை.
வேலியில் போகிறதை எடுத்து
மடியில் விடுகிற வேலை எனக்கு இல்லை.
கருவிகளைக் கழுவி வண்டியில் ஏற்றினேன்.

செப்டம்பரில் வந்தது.

ஒன்பதாம் நாள், மின்சாரம் இன்னும் திரும்பாத தெருவில்
வண்டியை நிறுத்தி எண்ணினேன்.
முப்பத்தொரு கால்கள். ஒன்றும் சாயவில்லை.
பலகை நான்கைக் காணோம்.
புயலுக்கு உத்தரவாதம் கிடையாது,
கேட்டால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.
க்ளோதில் மருத்துவமனையில் இருந்தாள்,
நான்கு நாளாக வீடு திரும்பவில்லை.

இரண்டு பலகை பயூவில் மிதந்தன.
ஒன்று மக்னோலியா மரத்தில்,
கொடியில் காயப்போட்ட துணிபோல.

நான்காவது இரண்டு தெரு தள்ளி.
சாலைக்கும் ஒரு டிரெய்லர் வீட்டின் கதவுக்கும் நடுவே
சேற்றின்மேல் படுத்திருந்தது.
அதன்மேல் சக்கர நாற்காலியின் இரட்டைத் தடம்,
ஐஸ் பெட்டி இழுத்த கீறல்,
ஏதோ நாயின் பாதம்.

கதவைத் திறந்த சிறுமி கேட்டாள்:
"உங்களுடையதா?"

முனையில் நான் வெட்டிய பள்ளம் தெரிந்தது.
பென்சிலில் நான் எழுதிய எண்ணும்
பாதி அழிந்து தெரிந்தது.

இல்லை என்றேன்.
ஆனால் நடுவில் வளைகிறது,
அடியில் செங்கல் கொடுக்கவேண்டும்.

வண்டியில் ஆறு செங்கல் இருந்தன.
குமிழி நடுவுக்கு வரும்வரை
மட்டம் பார்த்து வைத்துக்கொடுத்தேன்.

கணக்குப் புத்தகத்தில்
வெரெட் வீடு, பலகை தேவை: நான்கு.