அஞ்சுக்கு ஒன்று

நாலு கேன் டீசலுக்கு
ஒரு கேன் புங்கெண்ணெய் டீசல்.
"அஞ்சுக்கு ஒன்னுங்க மேஸ்திரி,
அதுக்கு மேல போனதே இல்லீங்க"
என்கிறார் செங்கோட்டுவேல்,
வீட்டில் மாட்டிக்கொண்ட குடிகாரர் குரலில்.

சங்ககிரி பைபாஸில் என் பட்டறை.
பம்பும் நாசிலும் மட்டும் பார்ப்பேன்.
கிளட்ச், கியர், பட்டை எல்லாம் பக்கத்துக் கடை.
வண்டியின் தொண்டை வரைக்கும்தான்
எனக்குப் படிப்பு.

மஞ்சள் மூட்டையோடு
குமாரபாளையம் தாண்டுவதற்குள்
இருமி நின்ற லாரியை
இன்னொரு லாரி கட்டி இழுத்து வந்தது.
கூடவே வந்து சேர்ந்தது தீர்ப்பும்.
"வெளக்குக்கு ஊத்தறத
வண்டிக்கு ஊத்துனா?"
பஞ்சர்க் கடை ராக்கியண்ணன்.
"மாட்டுப் புண்ணுக்குப் போடறதுங்க அது"
என்றான் கிளீனர்.
டீ கொண்டுவந்த பையன் ஒன்றும் சொல்லவில்லை.
கேனை முகர்ந்து பார்த்தான்,
டம்ளரைத் தள்ளி வைத்தான்.

ஃபில்டரைக் கழற்றினேன்.
உள்ளே களி கிண்டி வைத்தது போலக் கறுப்பு.
விரலால் வழித்து வெயிலில் பார்த்தேன்:
துரு,
தார்,
எத்தனையோ பங்குகளின் அடித்தொட்டிச் சேறு.
பதினோரு வருடம்.
இதில் புங்கன் ஒரு பொட்டும் இல்லை.

வந்த எண்ணெய்
டேங்கின் சுவரைக் கழுவியது.
கழுவியதைக் கொண்டுவந்து
ஃபில்டர் வாசலில் கொட்டியது.
சொசைட்டிக்குப் புதிதாக வந்த செயலாளர்
பழைய பேரேட்டைத் திறந்தது போல.
அன்றைக்குக் கட்டடமே இருமியது.
மாற்றல் வந்தது அவருக்கு.

ஆனால் ரப்பர் ஓஸ்
ஊறிய கொண்டைக்கடலையாய் உப்பியிருந்தது.
அது புங்கன் செய்ததுதான்.
நான் யாருக்கும் வக்கீல் இல்லை.

டேங்கை இறக்கி அலசும்போது கேட்டேன்:
மைலேஜ் கூடுதா?
"கொஞ்சம் கொறையுதுங்க."
வெலை?
"பத்துக் காசு வித்தியாசமுங்க."
அப்புறம் என்ன எழவுக்கு?

வானத்தைப் பார்த்தார்.
மூட்டையைப் பார்த்தார்.
"பெருந்துறைக்கிட்ட
என்ற கொழுந்தியா தங்கமயிலு
மிஷினு போட்டிருக்குதுங்க.
பேங்குல ஜாமீன் கையெழுத்து நானு.
விக்காத எண்ணெயக் குடிக்க
என்ற வண்டிய விட்டா யாரிருக்கறாங்க?"

கொட்டை எங்கே கிடைக்கிறது?
"பொறுக்கறவங்க கொண்டாந்து போடறாங்க.
முன்னயெல்லாம் இந்த ரோட்டோரமே கெடைச்சதுங்க."
ரோடு அகலமாகிவிட்டது.
ஏதோ ஒரு மரத்தின் தூர் இருந்த இடத்தில்தான்
பின் சக்கரம் நிற்கிறதோ என்னவோ.
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்பேனரைக் கேட்டேன்.

புது ஃபில்டர், புது ஓஸ்.
கைப்பம்பை அடிக்க அடிக்க
நுரை வந்தது, குமிழி வந்தது,
கடைசியில் காற்றில்லாத ஒழுக்கு.
சாவியைத் திருப்பினார்.

புகை குறைச்சல்தான்.
என் சுவரில் ஏற்கெனவே இருக்கும் கரிக்கு
இந்த வண்டி பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை.
வாடைதான் வேறு.
மழை நாளில் வடைச்சட்டி காய்வது போல,
அடியில் ஒரு கசப்பு.
ராக்கியண்ணன் மூக்கைச் சுருக்கினார்.
"பசியெடுக்குதுப்பா" என்றார்.

இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார் செங்கோட்டுவேல்.
அதற்கு ஈடாக ஒரு பாட்டில்:
எண்ணெய் பிரிக்கும்போது அடியில் நிற்கும் கிளிசரின்,
சோப்பாக்கியது.
கை கழுவினேன்.
முழங்கை வரை என் சொந்த நிறம் வந்தது.
நகக்கண்ணுக்கு அதுவும் எட்டவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது.
மார்கழிக் குளிர்.
பண்ணாரி செக்போஸ்ட் திறந்ததும் ஏறி
திம்பத்தின் இருபத்தியேழு வளைவும் முடித்து நிற்கிறாராம்.
"எண்ணெய் கெட்டியாகலீங்க மேஸ்திரி.
ஆனா ஏதோ சத்தம் கேக்குது.
புங்கெண்ணெயிலதானுங்களா?"

போனை இஞ்சின்கிட்டே வைக்கச் சொன்னேன்.
கண்ணை மூடிக் கேட்டேன்.
நாலாவது நாசில்
லேசாகத் தட்டுகிறது.

போன வருடமும் தட்டியது.