பீப்பாய்க்கு ஏற்ற வால்வு

வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுகிறேன்.
பதினான்கு நாள் நான் லியபாயாவில் இல்லை.
பதினெட்டுத் தக்காளிச் செடிகளிடம்
இதை யார் சொல்வது?

போன கோடை வரை
பக்கத்து மனை ஓயார்ஸ் வந்து ஊற்றினான்.
ஊற்றினான் என்றால்
கால்பந்து இல்லாத மாலைகளில்.
கூலி, பழத்தில் பாதி.
வெடித்த பாதி எனக்கு.
வாரம் முழுக்கக் காயப்போட்டுவிட்டு
ஞாயிறு ராத்திரி வெள்ளம் விட்டால்
தோல் பாவம் என்ன செய்யும்.
இந்த வருஷம் மனையை விற்றுவிட்டு
அயர்லாந்துக்குப் போய்விட்டான்.
குறை சொல்லக்கூட ஆள் இல்லை.

கடையில் ஒரு சுவர் முழுக்கக் கருவிகள்.
நோர்முண்ட்ஸ் என்று சட்டையில் தைத்திருந்த பையன்
முதல் பெட்டியை எடுத்தான்:
நடுக்கடலிலிருந்தும் திறக்கலாம், கைபேசி போதும்.
நடுக்கடலில் என் கைபேசி
வெறும் கடிகாரம் என்றேன்.
தோட்டத்தில் வைஃபை?
மின்சாரமே இல்லை.
மழை வந்தால் தானே நிறுத்தும் இது, சென்சார் இருக்கிறது.
பசுமைக்குடிலுக்குள் மழை வருவதில்லையே,
அதற்குத்தானே கூரை போட்டது.

மூன்றாவது பெட்டியை அலமாரியில்
அவன் திரும்ப வைத்த விதத்தில்
கொஞ்சம் மரியாதை இருந்தது.
அப்புறம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டான்:
தண்ணீர் எங்கிருந்து?

பீப்பாயிலிருந்து. நீலம், இருநூறு லிட்டர்.
ஒரு காலத்தில் ஊறுகாய் வெள்ளரி இருந்தது,
வெயில் ஏறினால் இன்னும் சதகுப்பை மணக்கும்.
ஆறு வரிசைச் செங்கல் மேல் நிற்கிறது.

அப்படியானால் இந்தச் சுவரில் முக்கால்வாசி
உங்களுக்கு ஆகாது என்றான்.
அவை குழாய்த் தண்ணீருக்கு.
தண்ணீர் முட்டித் தள்ளினால்தான் திறக்கும்.
உங்களுடையது முட்டாது,
விட்டால் போகும், அவ்வளவுதான்.
கீழ்த்தட்டில் தூசி படிந்த ஒன்றை எடுத்தான்.
உள்ளே ஒரு பந்து, பந்தில் ஒரு துளை,
திருப்ப ஒரு குட்டி மோட்டார்.
துளை நேராக நின்றால் வழி.
திரும்பினால் சுவர்.

பேட்டரி நடுவில் செத்தால்?

திறந்திருக்கும்போது செத்தால் திறந்தே கிடக்கும்.
மூடியிருக்கும்போது செத்தால் மூடியே.

எது தேவலை என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
ஒன்றில் ஒரே ராத்திரி. மற்றதில் பத்து நாள்.
எட்டு பேட்டரி வாங்கினேன்,
வேண்டியது நாலுதான்.

ரசீதின் பின்பக்கத்தில் கணக்கு:
செடிக்கு முக்கால் லிட்டர், பதினெட்டு செடி,
பதினான்கு நாள். நூற்று எண்பத்தொன்பது.
மீதி பதினொன்று.
கூரைத் தகரத்து மழை பீப்பாய்க்கு வந்தால்
அது லாபம்.

அன்று மாலை சொட்டுக்குழாய் நெடுக
கப்பலிலிருந்து கடன் வாங்கிய
(கேட்காமல் வாங்குவதும் கடன்தான்)
காப்பிக் கோப்பைகளை வைத்துப் பார்த்தேன்.
முதல் செடிக்கு நிறைந்து வழிந்தது.
கடைசிச் செடிக்கு
அடி மறைய நனைந்திருந்தது, நாக்கு நனைக்கும் அளவு.
பீப்பாயைக் காலி செய்து, இறக்கி,
இன்னும் மூன்று வரிசை செங்கல் அடுக்கி
மறுபடி நிரப்பினேன், வாளி வாளியாக.
பதினோரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது.
கொசு என்னைத் தின்றது.
இப்போது கடைசிக் கோப்பை முக்கால்.
முதல் கோப்பை இன்னும் வழிகிறது,
அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

காலை ஆறு மணி என்று அழுத்தி வைத்தேன்.

கப்பலில் இரண்டாம் நாள்.
ஜெர்மனிக்காகக் கடிகாரம் ஒரு மணி பின்னால் போயிருக்கிறது.
இங்கே ஐந்து.
அடுப்பில் ஓட்ஸ் கொதிக்கத் தொடங்குகிறது,
முட்டையைக் கையில் வைத்தபடி நிற்கிறேன்.
இப்போது பந்து திரும்பியிருக்க வேண்டும்.
திரும்பியிருக்கும்.

தூங்கியெழுந்த முகத்தோடு
லாரி ஓட்டுநர் ஒருவர் தட்டை நீட்டிக் கேட்கிறார்,
தக்காளி இருக்கிறதா?

டப்பாவில் இருக்கிறது என்கிறேன்.